சிறுபீளைக் கஷாயமும் ஜென்டாமைசின் ஊசியும்

செவிலிமேட்டில் காலையில் பாலாற்றுப் பக்கம் நடக்கப் போனால் வேலியோரமெல்லாம் சிறுபீளை. கொங்கு நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூதான். பார்க்கும்போதெல்லாம் அக்கா ஞாபகம் வரும்.

1986ல், நாங்கள் புதுச்சேரியில் இருந்தபோது, அக்காவுக்குச் சிறுநீர்த் தொற்று. ஜென்டாமைசின் ஊசி போட்டார்கள். எட்டாம் நாள் ரத்தம் சோதித்ததில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. ஊசியை நிறுத்தினார்கள். அன்றைக்கே அம்மா சிறுபீளையை வேரோடு பிடுங்கி வந்து கஷாயம் வைத்தாள். மூன்று வாரத்தில் அக்கா தேறிவிட்டாள். கஷாயம்தான் காப்பாற்றியது என்று வீடே நம்பியது. நானும்தான்.

ஓய்வு பெற்றபின் தேடிப் படித்தேன். 1943ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். அதே வகை மருந்தாக 1963ல் வந்தது ஜென்டாமைசின். (ஆங்கிலத்தில் முன்னதன் 'மைசின்' ஒய் போட்டு எழுதுவது, பின்னதன் 'மைசின்' ஐ போட்டு. பிறந்த நுண்ணுயிர் வேறு என்பதால் அப்படி. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு ஒய் என்றால் 'இ க்ரெக்', கிரேக்க இ. டிக்டேஷனில் அதற்காக வாங்கிய குட்டு கொஞ்சமல்ல.) மலிவான மருந்து, எத்தனையோ உயிரைக் காத்தது. ஆனால் சிறுநீரகம் வடிகட்டும்போது அங்குள்ள நுண்குழாய்ச் செல்கள் இதில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. நாள் கூடக்கூட அந்தச் செல்கள் சாகின்றன. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் புதுச் செல் வளர்ந்து, சில வாரங்களில் தானே சரியாகிவிடும்.

அப்படியானால் அக்காவைத் தேற்றியது எது? நிறுத்தியதும் கொடுத்ததும் ஒரே நாளில்!

2004ல் மணிப்பால் ஆய்வாளர்கள் சிறுபீளையை எலிகளில் சோதித்து வெளியிட்டார்கள். கஷாயமல்ல, எத்தனாலில் இறக்கிய சாறு. கிலோ எடைக்கு 300 மில்லிகிராம். ஜென்டாமைசின் பாதிப்பைத் தடுக்க முன்கூட்டியே கொடுத்த எலிகளுக்கு நல்ல பலன். அம்மா கொடுத்ததோ பாதிப்பு வந்த பிறகு.

இன்னொரு பக்கமும் உண்டு. 1993ல் பெல்ஜியம் மருத்துவர்கள் எழுதியது: பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. பெயர்க் குழப்பத்தில் வேறு செடி கலந்துவிட்டதாம். நம் ஆடுதின்னாப்பாளை அதே இனம்.

போன மாதம் பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவர், கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, சிறுபீளை பறித்துத் தாருங்கள் என்றார். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றேன். அவருக்குக் கோபம். இன்னும் சரியாகப் பேசுவதில்லை.