கண்ணாடிக் குழாயும் கண்ணாடி விரியனும்

காவிரிப் பாசன வயல்களில் எலிக்குக் குறைவில்லை. எலியைத் தேடி வரும் கண்ணாடி விரியனும் அங்கே உண்டு. அறுவடையின்போது அது கடித்து ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால், மருத்துவர் உடனே அறிய விரும்புவது, அவருடைய இரத்தம் உறைகிறதா என்பதே.

இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. 1913-இல் அமெரிக்க மருத்துவர்களான லீயும் ஒயிட்டும் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துச் சாய்த்து உறையும் நேரத்தை அளந்தார்கள். பாம்புக்கடிச் சோதனை அதைவிட எளிது. சிரையிலிருந்து எடுத்த 2 மில்லிலிட்டர் இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்க்கிறார்கள். நீராக ஓடினால் நச்சுமுறி மருந்து உடனே தேவை. உறைந்துவிட்டால் மட்டும் ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல பாம்பும் கட்டு விரியனும் தாக்குவது நரம்புகளை.

இவ்விரியனுக்கு ஆங்கிலத்தில் பாட்ரிக் ரஸ்ஸலின் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளரான அவர் விசாகப்பட்டினத்தில் பாம்புகளை ஆராய்ந்து, கோரமண்டல் கரைப் பாம்புகள் பற்றிய நூலை 1796-இல் வெளியிட்டார். கோரமண்டல் வேறெதுவுமில்லை, நம் சோழமண்டலம்தான்.

1934-இல் லண்டனில் மக்ஃபர்லேனும் பார்னெட்டும் இந்நஞ்சைப் பதினாயிரம் மடங்கு நீர்க்கச் செய்து, இரத்தம் உறையாத பரம்பரை நோய் உடையவரின் காயத்தில் வைத்தார்கள். கசிவு நின்றது! உறையாமல் செய்யும் நஞ்சு உறையவும் வைப்பது எப்படி? நஞ்சு 5, 10-ஆம் உறைகாரணிகளைத் தூண்டுகிறது. காயத்தின் மேல் அது நன்மை. உடல் முழுவதும் நடந்தாலோ, ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் வீணாகச் செலவாகித் தீர்ந்துவிடுகிறது. மடை திறந்தே கிடந்தால் ஏரி வற்றுவதுபோல. 1986-இல் தியாகராஜன், பெங்கோ, ஷபைரோ ஆகியோர், இரத்தம் உறைவதில் குறுக்கிடும் ஒருவகை எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனைக்கு இந்நஞ்சையே பயன்படுத்தினார்கள்.

இயற்பியல் மாணவர்கள் கேட்கலாம்: ஏன் கண்ணாடி? எதிர்மின்னூட்டமுள்ள கண்ணாடிப் பரப்பைத் தொட்டதும் 12-ஆம் உறைகாரணி தூண்டப்படுகிறது. உறைதல் தொடர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிளாஸ்டிக் குழாயில் இத்தூண்டல் போதாது. சோப்புத்தூளால் கழுவிய குழாயும் உதவாது. இரண்டிலும் நல்ல இரத்தமே உறையாமல் நின்று, மருந்து வேண்டாதவருக்கும் அது ஏற்றப்படக்கூடும். அதன் ஒவ்வாமை சில சமயம் உயிருக்கே ஆபத்து. சில காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

மருந்து ஏற்றி 6 மணி நேரம் சென்றபின் சோதனையை மீண்டும் செய்வார்கள். செலவான உறைகாரணிகளைக் கல்லீரல் புதிதாக ஆக்கித் தர ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கிறது.