கண்ணாடியும் கண்ணும்

தண்ணீரைப் பற்றி இலஞ்சிக்காரனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று வெகுகாலம் கர்வம் கொண்டிருந்தேன். ஆனி பிறந்தால் குற்றால மலையில் மேகம் இறங்கும். சாரல் எங்கள் தெருவுக்கும் அழையாத விருந்தாளியாக வந்து சேரும். அப்படிப்பட்ட ஊர்த் தண்ணீர் ஒரு தை மாதக் காலையில் என்னைக் கைவிட்டுவிட்டது.

என்னிடம் ஒரு பழைய கார் உண்டு. அதன் முன் கண்ணாடியில் தண்ணீர் பீச்சுவதற்கான குப்பியில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு குடும்பத்தோடு உதகமண்டலம் போயிருந்தேன். மார்கழி, தை மாதங்களில் வானம் நிர்மலமாக இருக்கும் இரவுகளில் அங்கே பூமியின் சூடெல்லாம் மேலே போய்விடும். விடிந்து பார்த்தால் புல்வெளியில் உப்புத் தூவினாற்போல உறைபனி.

புறப்படும்போது பொத்தானை அமுக்கினேன். வைப்பர் ஆடியது, தண்ணீர் வரவில்லை. புழுதியும் பனியும் குழைந்து கண்ணாடியில் சந்தனம் பூசினாற்போல் ஆயிற்று.

"என்னங்க, வெயில் ஏறட்டுமே, போகலாம்" என்றாள் என் மனைவி.

நான் கேட்கவில்லை. ஒரு பர்லாங்கு போயிருப்போம். வளைவில் திரும்பியதும் சூரியன் நேர் எதிரே வந்தது. கண்ணாடி முழுவதும் பால்போல் வெளுத்தது. பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால், வண்டிக்கு ஒரு முழத் தூரத்தில் தலையில் விறகுக் கட்டோடு ஒரு கிழவி நிற்கிறாள்! அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுமையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பக்கத்து டீக்கடையில் கொதிக்கும் தண்ணீர் வாங்கி வந்தேன். அங்கிருந்த வயதான டாக்ஸி டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், கொதிக்கிற தண்ணிய ஊத்தினா கண்ணாடி விரிசல் விட்டுடும். பொத்தானையும் சும்மா அமுக்காதீங்க, பம்பு கெட்டுப்போகும்."

வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தண்ணீர் பீச்சும் துளையின்மேல் போர்த்தினார். என்ஜினை ஓடவிட்டார். சற்று நேரத்தில் இலஞ்சித் தண்ணீர் மெல்லப் பீறிட்டது. குழாய் தப்பியது என் அதிர்ஷ்டம். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும், குப்பியையே பிளந்துவிடும்.

ஊர் திரும்பியபின் இந்தக் கண்ணாடி விவகாரத்தின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். 1903-க்குச் சற்று முந்திய ஒரு குளிர்காலத்தில், அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி நியூயார்க்கில் டிராம் வண்டியில் போனார். ஆலங்கட்டியும் மழையும் கலந்து கொட்டியதால், டிரைவர் முன் ஜன்னலைத் திறந்துவைத்து, முகமெல்லாம் நனைய ஓட்டினார். மற்றப் பிரயாணிகள் குளிருக்காக டிரைவரை நொந்துகொண்டிருப்பார்கள். மேரியோ டிரைவருக்காக நொந்தார். உள்ளே ஒரு கைப்பிடி, வெளியே ரப்பர் பட்டை வைத்த ஒரு கை. இதுதான் அவருடைய யோசனை. 1903 நவம்பர் 10-ல் காப்புரிமை கிடைத்தது.

1905-ல் ஒரு கனடா நாட்டுக் கம்பெனிக்கு அதை விற்கப் பார்த்தார். வியாபார மதிப்பில்லை என்று பதில் வந்தது. 1920-ல் காப்புரிமை காலாவதியாயிற்று. அதற்கப்புறம் உலகத்துக் கார்களெல்லாம் வைப்பர் பூட்டிக்கொண்டன. 1953-ல் அந்த அம்மாள் காலமாகும்வரை ஒரு காசு அவருக்கு வந்து சேரவில்லை. அமெரிக்க தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2011-ல்தான்.

பனி தேசத்தார் கண்ணாடித் தண்ணீர் உறையாதிருக்க அதில் சாராய வகை ஒன்றைக் கலப்பார்கள். பல இடங்களில் அது மெத்தனால். பூஜ்யத்துக்குக் கீழே 98 டிகிரி வரை போனாலும் அது உறையாது. நல்ல சரக்குதான். ஆனால் வயிற்றுக்குள் போனால் அதுவே ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த கள்ளச்சாராயத்தில் இருந்ததும் இந்த மெத்தனால்தான். கண்ணாடிக்குப் பார்வை கொடுக்கும் திரவமே மனிதன் பார்வையைப் பறிக்கிறது!

வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் இதைக் கேட்டு, அந்த நீலத் திரவத்தில் ஒரு குப்பி கொண்டுவந்து கொடுத்தார். என் மனைவி அதைச் சமையலறை அலமாரிப் பக்கமே விடவில்லை. வீட்டில் பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள். நீல நிறத்தைக் கண்டால் சர்பத் என்றுதான் நினைப்பார்கள். "இலஞ்சியில் எங்கே பனி உறைகிறது? திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றாள். இந்தத் தடவை கேட்டேன்.

இப்போதும் கிணற்றுத் தண்ணீர்தான். உப்பு படிந்து துளை அடைத்தால், தென்காசி மெக்கானிக் மெல்லிய ஊசியால் எடுத்துவிட்டு, "சரியாப் போச்சு அண்ணாச்சி" என்கிறார். மலைப் பிரயாணம் என்றால் மட்டும், முந்தின நாள் இரவே குப்பியையும் குழாயையும் காலி செய்துவிட்டு, காலையில் புதிதாக ஊற்றிக்கொள்கிறேன். கண்ணாடி சுத்தமாகும்வரை வண்டி நகருவதில்லை.

வழியில் யாராவது விறகு சுமந்து வரக்கூடுமல்லவா?