மண் வகுத்த எல்லை

1861-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டு ஐந்து மாதங்கள் கழிந்திருந்த வேளையில், அந்நாட்டுக் கடற்கரை அளவைத் துறையினர் ஒரு தேசப்படத்தை அச்சிட்டு வெளியிட்டனர். அடிமை முறை நிலவிய பதினைந்து ராஜ்யங்களைக் காட்டிய அப்படத்தில், 1860-ஆம் ஆண்டு ஜனக்கணக்கைக் கொண்டு ஒவ்வொரு ஜில்லாவிலும் நூற்றுக்கு எத்தனை பேர் அடிமைகள் என்று கண்டு, அந்த எண்ணை அந்த ஜில்லாவின் மேலேயே பொறித்து, எண் ஏற ஏற மையை அடர்த்தியாக்கியிருந்தனர். நோயுற்றும் காயமுற்றும் கிடந்த போர்வீரர்களின் சகாயத்துக்காக விற்கப்பட்ட அந்தப் படம் ஜனாதிபதி லிங்கனின் கைக்கும் வந்து சேர்ந்தது. 1864-இல் ஆறு மாத காலம் வெள்ளை மாளிகையில் இருந்து சித்திரம் தீட்டிய பிரான்ஸிஸ் கார்ப்பென்டர் என்ற ஓவியர், தாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்த அப்படத்தை லிங்கன் எங்கெங்கோ தேடி வந்து கண்டெடுத்ததை எழுதிவைத்திருக்கிறார்; அடிமை விடுதலைப் பிரகடனத்தை மந்திரிமாருக்கு வாசித்துக் காட்டும் காட்சியைத் தீட்டிய தமது பெரிய ஓவியத்தின் ஒரு மூலையில் அதனையும் சேர்த்தே வரைந்திருக்கிறார்.

வடக்கென்றும் தெற்கென்றும் ஒரே கோட்டால் தேசத்தைப் பிளந்து காட்டும் பள்ளிச் சரித்திரம் போதாது என்பது, இந்தப் படத்தை நிதானமாகப் பார்க்கிற எவருக்கும் சீக்கிரமே விளங்கிவிடும். மிஸிஸிப்பி நதியின் இரு கரைகளிலும் மை கறுத்து ஓடுகிறது. அலபாமாவின் நடுவே கச்சை கட்டினாற்போல் கருமை படர்ந்திருக்கிறது. தென் கரோலினாவின் கடலோரம் இருண்டு கிடக்கிறது. இவற்றுக்கு நடுவே, பென்ஸில்வேனியாவிலிருந்து அலபாமாவின் வடபகுதி வரையில் இறங்கி வரும் அப்பலாச்சிய மலைத்தொடர் நெடுகிலும் காகிதம் வெளுத்தே இருக்கிறது. மிஸிஸிப்பி ராஜ்யத்தின் இஸ்ஸக்வீனா என்ற ஆற்றோர ஜில்லாவில் 100-க்கு 92 பேருக்கு மேல் அடிமைகள். வர்ஜினியாவின் மேற்குமலை ஜில்லாக்கள் பலவற்றில் 100-க்கு ஐந்து பேர்கூட இல்லை. இரண்டு இடங்களிலும் மனிதனை உடைமையாக்கும் சட்டம் இருந்தது. சட்டம் ஒன்றாயிருந்தும் வாழ்க்கை வேறாயிற்றென்றால், அந்த வேறுபாட்டைச் செய்தது மண்ணும் அந்த மண்ணில் விளைந்த பயிருமே.

வர்ஜினியாவின் கரைக்கு ஆப்பிரிக்கர் இருபது பேர் சொச்சம் 1619-இல் கொணரப்பட்டனர். அங்கே அவர்களுடைய உழைப்பை உண்டு வளர்ந்தது புகையிலை. தென் கரோலினாவின் சதுப்புக் கடலோரத்திலோ நெல். கரை கட்டி, மதகு வைத்து, கடலேற்றத்தின் போக்கை அறிந்து நன்னீரைப் பாய்ச்சிப் பயிரிட்ட அந்த வயல்களில் உழைத்தவர்களுள் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிக் கோடைகாலம் முழுவதும் எஜமானர்கள் சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் போய்விடுவார்கள். ஆகையால் அங்கே, ஆளுக்கு இவ்வளவு நிலம் என்று அளந்து விட்டு, அந்தக் கூறு முடிந்தபின் எஞ்சிய பொழுதைத் தன் சொந்தக் கொல்லைக்குச் செலவிட விடும் வழக்கம் வேரூன்றிற்று. அந்தச் சிறிய அவகாசத்தில்தான், ஆப்பிரிக்கச் சொற்கள் செறிந்த கல்லா என்ற மொழியும், அம்மக்களின் கூடை முடையும் கலையும் இன்றளவும் அழியாமல் பிழைத்து வந்திருக்கின்றன. லூயிஸியானாவின் கரும்புத் தோட்டங்களில் அத்தகைய அவகாசமே கிடையாது. பனி விழுமுன் கரும்பை வெட்டிப் பிழிந்து காய்ச்சியாக வேண்டுமாதலால், ஆலையாட்டும் மாதங்களில் இரவென்றும் பகலென்றும் பேதமில்லாமல் கொப்பரைகளின் கீழே தீ எரிந்துகொண்டிருந்தது.

இவை எல்லாவற்றையும் மீறி வளர்ந்தது பருத்தி. உள்நாட்டு நிலங்களில் விளையும் குட்டைப் பஞ்சில் விதை இறுகப் பற்றியிருந்ததால், ஒருவர் நாள் முழுதும் கையால் பிரித்தாலும் ஓரிரு ராத்தலுக்குமேல் தேறாது. 1793-இல் எலி விட்னி அமைத்த கொட்டை நீக்கும் யந்திரம் அந்தத் தடையைப் போக்கியது. அமெரிக்கா அனைத்திலும் 1790-இல் சில ஆயிரம் பொதிகளே விளைந்த பருத்தி, 1860-இல் ஏறத்தாழ 40 லட்சம் பொதிகளாக உயர்ந்து, தேசத்தின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்குமேல் தானே என்று நின்றது. அதே காலத்தில் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 39 லட்சத்து 50 ஆயிரமாயிற்று. கையுழைப்பைக் குறைக்க வந்த யந்திரம் இத்தனை லட்சம் கைகளுக்கு விலங்கு பூட்டியதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. நம் திருநெல்வேலிக் கரிசலைப் போலவே கறுத்த, பருத்திக்கு உகந்த மண் அலபாமாவின் நடுவே இருக்கிறது. அதற்கு அந்நாட்டார் இட்ட பெயரே கறுப்புக் கச்சை என்பது. இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தியையே நம்பியிருப்பது ஆகாதென்று கிழக்கிந்தியக் கம்பெனியார் 1840-க்களில் அமெரிக்கத் தோட்டக்காரர் சிலரை வரவழைத்து, டாக்டர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் கோயம்புத்தூரில் அமெரிக்க விதையைப் பயிரிட்டுப் பார்த்ததும் இந்தக் கதையின் ஒரு கிளையே.

அலபாமாவின் அந்தக் கரிசலுக்கு வேண்டிய ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால், அதன் விடையில்தான் தெற்கின் உள்ளே கிடந்த மிகக் கொடிய பிரதேச வேறுபாடு புலப்படும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குவது 1808-இல் சட்டப்படி நின்றுவிட்டது. வர்ஜினியாவிலும் மேரிலாந்திலும் புகையிலையால் நிலம் சோர்ந்துபோய், பலர் கோதுமைக்கு மாறினர்; கோதுமைக்கு ஆண்டு முழுவதும் அத்தனை ஆட்கள் வேண்டுவதில்லை. எனவே, அங்கே பிறந்த பிள்ளைகளே அந்த ராஜ்யங்களின் விற்பனைப் பொருளானார்கள். கைகளை இருவர் இருவராகச் சங்கிலியில் பிணைத்து, நூற்றுக்கணக்கான மைல் தூரம் கால்நடையாகவும், கப்பலேற்றி நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குமாக, யுத்தத்துக்கு முந்திய எழுபது ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் தெற்கின் வடபகுதி ராஜ்யங்களிலிருந்து பருத்தி விளையும் ஆழ் தெற்குக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தாயிடமிருந்து குழந்தையும் கணவனிடமிருந்து மனைவியும் பிரிந்து போனது இந்த வியாபாரத்தின் அன்றாட நடைமுறை. கென்டக்கியிலோ வர்ஜினியாவிலோ அடிமை வாழ்வு சற்று இளகியது என்று பெருமை பேசிய எஜமானர்கள், எதிர்த்துப் பேசியவனைத் தெற்கே விற்றுவிடுவேன் என்ற ஒரு சொல்லாலேயே அடக்கி வைத்திருந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

வடக்கைப் புண்ணிய பூமியாகக் காட்டுவதும் சரித்திரத்துக்குப் பொருந்தாது. பென்ஸில்வேனியா 1780-இலும் நியூயார்க் 1799-இலும் படிப்படியான விடுதலைக்குச் சட்டம் செய்தன. நியூ ஜெர்ஸியில் 1860-ஆம் ஆண்டுக் கணக்கிலும் அடிமைகளாகப் பதினெட்டுப் பேர் பதிவாகியிருக்கிறார்கள். மாஸச்சூஸெட்ஸின் லோவெல் ஆலைகள் நூற்றது தெற்கின் பருத்தியை. ரோட் ஐலண்டின் ஆலைகள் நெய்து அனுப்பிய முரட்டுத் துணி தெற்கின் அடிமைகளுக்கு உடுக்கையாயிற்று. பருத்திக்குக் கடன் கொடுத்ததும் கப்பல் கொடுத்ததும் பெரும்பாலும் நியூயார்க் வர்த்தகர்கள். 1861 ஜனவரியில் அந்த நகரத்தின் மேயர் பெர்னாண்டோ வுட், நியூயார்க் நகரமும் ஐக்கியத்தை விட்டுத் தனித்து நிற்கலாமென்றே யோசனை சொன்னார். லிங்கனின் ராஜ்யமான இல்லினாய், கறுப்பர்கள் குடியேறுவதைத் தடுக்க 1853-இல் சட்டம் இயற்றியது.

ஆயினும் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடவும் இயலாது; அதற்குச் சாட்சி பிரெடரிக் டக்ளஸ். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838-இல் தப்பி நியூ பெட்போர்டுக்குச் சென்ற அவர், அடிமைகள் இல்லாத ஊர் வறுமையில் வாடும் என்று எண்ணியிருந்தார். அங்கே கண்டதோ, உழைக்கும் ஜனங்களே மேரிலாந்தின் எஜமானர்கள் பலரைக் காட்டிலும் செழிப்பான வீடுகளில் வாழ்ந்ததை. கப்பலின் இடுக்குகளை அடைக்கும் தம் தொழிலை அங்கே செய்ய வெள்ளைத் தொழிலாளர்கள் அவரை விடவில்லை. அவர் மூட்டை சுமந்தும் மரம் அறுத்தும் பிழைத்தார். ஆனால் சம்பாதித்த கூலியைப் பறித்துக்கொள்ள எஜமானன் ஒருவன் இல்லை. அந்த ஒரு வேறுபாட்டின் பொருட்டு ஒரு மனிதன் உயிரைப் பணயம் வைத்து ஓடினான் என்பதை மனத்திற் கொண்டால், அதைச் சிறிதென்று சொல்ல நா எழாது.

யுத்தம் தீர்வை வரியால் வந்தது, ராஜ்யங்களின் உரிமையால் வந்தது என்று பின்னாளில் பலர் வாதித்தார்கள். நான் அதை ஏற்கவில்லை. பிரிந்து செல்வதற்குக் காரணம் கூறித் தென் கரோலினா 1860 டிசம்பரில் வெளியிட்ட பிரகடனமே, ஓடிப்போன அடிமைகளை வட ராஜ்யங்கள் பிடித்துத் தருவதில்லை என்று குறை கூறுகிறது. அதாவது, வட ராஜ்யங்கள் தம் உரிமையைச் செலுத்தியதே அதன் புகார். மிஸிஸிப்பியின் பிரகடனமோ தன் நிலை அடிமை முறையோடு பிணைந்தது என்பதை மறைக்க முயலவேயில்லை. பிரிந்துபோன வரிசையிலும் அந்தப் படத்தின் மையைக் காணலாம். முதலில் விலகிய ஏழு ராஜ்யங்களின் ஜனத்தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர் அடிமைகள். சம்டர் கோட்டையின்மீது குண்டு விழுந்து யுத்தம் மூண்ட பின்னரே விலகிய நான்கில் ஏறத்தாழ 29. விலகாமலே நின்ற எல்லைப்புற நான்கில் ஏறத்தாழ 14 பேர். வெளுத்த மலைநாடு அங்கும் தன் வழியே சென்றது: கிழக்கு டென்னஸி பிரிவினைக்கு எதிராக வோட்டளித்தது, வர்ஜினியாவின் மேற்கு ஜில்லாக்கள் தாய் ராஜ்யத்தையே விட்டு விலகி 1863-இல் மேற்கு வர்ஜினியாவாயின.

ஆனால் வெளுப்பும் கருணையும் ஒன்றல்ல. படத்தில் எல்லாவற்றினும் வெளுத்த ராஜ்யம் டெலாவேர். அங்கே இருந்த அடிமைகள் 1,798 பேர் மட்டுமே. ஈட்டுத்தொகை கொடுத்து அவர்களை விடுவிக்க 1861-இல் லிங்கன் சொன்ன யோசனை அங்கே நிறைவேறவில்லை. பிரிந்துபோகாத ராஜ்யமாதலால் 1863-இன் விடுதலைப் பிரகடனமும் அதைத் தீண்டவில்லை. அடிமை முறையை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை அந்த ராஜ்யத்தின் சட்டசபை 1865 பிப்ரவரியில் நிராகரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மற்ற ராஜ்யங்களின் சம்மதத்தால் அது சட்டமான பிறகுதான் அங்கே எஞ்சியிருந்தவர்கள் விடுதலை பெற்றார்கள். டெலாவேர் தன் சம்மதத்தைக் கொடுத்தது 1901-இல்.