தெருப்பெயர் மாறியது, ருசி மாறவில்லை

நம் ஊருக்கு எத்தனை பெயர்கள் இருந்தன தெரியுமா? கோட்டையைப் பிடித்த பீஜப்பூர் படையினர் பாதுஷாபாத் என்றார்கள். 1698-இல் மராட்டியரிடமிருந்து அதைக் கைப்பற்றிய முகலாயர் நஸ்ரத்கட் என்றார்கள். 1750 முதல் 1761 வரை இருந்த பிரெஞ்சுக்காரரும், பின்னால் வந்த ஆங்கிலேயரும் அவரவர் வாய்க்கு வந்தபடி எழுதிக்கொண்டார்கள். ஆனால் இன்றும் நாம் ஏறும் பேருந்தில் செஞ்சி என்றுதான் போட்டிருக்கிறது. ஆண்டவர்கள் வைத்த பெயர்கள் ஏட்டோடு நின்றுவிட்டன.

எல்லா ஊருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள சின்சினாட்டியில் பழைய பெயர்கள் பல அழிந்தன. அங்கே பழசைக் காப்பாற்றியது அடுப்படி. அந்தப் பலகாரத்தின் பெயர் கெட்டா.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வடமேற்குப் பகுதியிலிருந்து ஏராளமானோர் பிழைப்புத் தேடி சின்சினாட்டிக்கு வந்தார்கள். அவர்கள் குடியிருந்த பகுதிக்குப் போக ஒரு கால்வாயைத் தாண்ட வேண்டும். கால்வாயை ஜெர்மனியின் ரைன் நதி என்று வேடிக்கையாகச் சொன்னதால், பகுதிக்கே 'ரைனுக்கு அப்பால்' என்று பெயர் வந்தது. அப்போது பன்றி இறைச்சி வியாபாரத்துக்குப் பேர்போன நகரம் அது. நல்ல கறி வெளியூருக்குப் போகும். கழிவுத்துண்டுகள் தொழிலாளர்களுக்கு மலிவாகக் கிடைக்கும். அதோடு உடைத்த ஓட்ஸைச் சேர்த்து வேகவைத்தால், கொஞ்சம் கறியில் வீடே சாப்பிடலாம். கெட்டா என்ற பெயரே குருணையைக் குறிக்கும் வடஜெர்மன் பேச்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்த யுக்தி நமக்குப் புதிதல்ல. கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு சேர்ப்பதும், தால்ச்சாவில் எலும்போடு பருப்பைப் போடுவதும் இதே கணக்குதான்.

1917-இல் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராக முதல் உலகப் போரில் இறங்கியது. மறு ஆண்டே சின்சினாட்டியில் ஜெர்மன் தெரு, இங்கிலீஷ் தெரு ஆனது. பிரெமன் தெரு, ரிபப்ளிக் தெரு ஆனது. 1919-இல் ஒஹையோ மாநிலம், எட்டாம் வகுப்புக்குக் கீழே ஜெர்மன் மொழி கற்பிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1923-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்களைச் செல்லாது என்றது. அதற்குள் பல வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். கெட்டா மட்டும் காலை உணவுத் தட்டிலேயே இருந்தது. இன்று ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாத பேரப்பிள்ளைகளும் முட்டையோடு சேர்த்து அதைச் சாப்பிடுகிறார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். கடைகளில் ஸ்டீல் கட் ஓட்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். அவல் போலத் தட்டையாக இருக்கும் ஓட்ஸ் குழைந்துவிடும். நான்கு கப் தண்ணீரில் ஒன்றேகால் கப் ஓட்ஸ், உப்பு, மிளகுத்தூள், இரண்டு பிரிஞ்சி இலை போட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம் மூடி வேகவிடுங்கள். பிறகு அரைக் கிலோ கொத்துக்கறி, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று சேர்த்து இன்னும் ஒரு மணி நேரம். அங்கே பன்றியும் மாடும் கலப்பார்கள். உங்கள் வீட்டு வழக்கப்படி ஆடோ கோழியோ போடலாம். அடிபிடிக்காமல் அவ்வப்போது கிளறுங்கள். கரண்டி நிமிர்ந்து நிற்கும் அளவு கெட்டியாக வேண்டும். இலையை எடுத்துவிட்டு, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் அழுத்திப் பரப்புங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே விட்டுவைக்காமல், சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை அரை அங்குல வில்லைகளாக வெட்டித் தோசைக்கல்லில் போடுங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் உடைந்துவிடும். அடிப்பக்கம் நன்றாக முறுகட்டும். மூன்று நாளைக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

சின்சினாட்டிக்காரர்களுக்குப் போர் வந்து பள்ளிக்கூடத்தில் மொழி போனது. நம் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களோடு எந்தப் பக்குவம் போகிறது? உங்கள் அம்மாவோ மாமியாரோ கண்ணளவாகவே செய்யும் பண்டம் ஒன்று இருக்கும். அடுத்த முறை அவர்கள் அடுப்படியில் நிற்கும்போது, பக்கத்தில் ஒரு நோட்டோடு நில்லுங்கள். கை அள்ளிப் போடுவதை ஒருமுறை கப்பில் அளந்து எழுதி வையுங்கள்.