ஒயின் சாலையில் இரண்டு நாள்: பன்றி வயிறும் பழைய கணக்கும்

புனேயில் ஜெர்மன் கம்பெனிகளுக்குப் பொட்டி தட்டும் நம்மாட்கள் எண்ணிக்கை அதிகம். அதில் யாருக்காவது ஆன்சைட் வந்து, தங்கமணியும் கூடவே கிளம்பினால் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "ஒரு வீக்கெண்டு ரெண்டு பேரும் மட்டும் எங்கயாவது போகணும், ரொமான்டிக்கா இருக்கணும், சாப்பாடும் அந்த ஊருக்கே உரியதா இருக்கணும், எங்க போகலாம்?"

எல்லோரும் நோய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையைக் கை காட்டுவார்கள். நான் ஃபால்ஸ் பக்கம் கை காட்டுகிறேன். ஆங்கிலத்தில் பாலட்டினேட் என்பார்களே, அதுதான். ரைன் நதிக்கு மேற்கே, பிரெஞ்சு எல்லையை ஒட்டிய திராட்சை நாடு. தெற்கே ஷ்வைகனில் ஆரம்பித்து வடக்கே போக்கன்ஹைம் வரை சுமார் 85 கிலோமீட்டருக்கு 'ஜெர்மன் ஒயின் சாலை' ஓடுகிறது. இரண்டு பக்கமும் கொடிகள், கல் வீடுகள், முற்றத்தில் மேஜை போட்ட உணவகங்கள். மார்ச் மாதம் போனால் வாதுமை மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். காதலுக்கு இதுக்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் அந்தத் தட்டில் வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. அதில் சில கதைகள் அவ்வளவு இனிப்பாக இல்லை.

முதலில் சௌமாகன். ஃபால்ஸின் அடையாள உணவு. பன்றியின் வயிற்றைச் சுத்தம் செய்து, உள்ளே பன்றிக்கறி, உருளைக்கிழங்கு, மார்ஜோரம், ஜாதிக்காய், மிளகு எல்லாம் அடைத்து, மெல்லிய சூட்டில் நீரில் வேக வைப்பார்கள். பிறகு தடிமனாக வில்லை போட்டு, மொறுமொறுவென்று வறுத்து, புளித்த முட்டைக்கோஸோடு தருவார்கள். நம்மூரில் குடல் குழம்பு சாப்பிட்டவர்களுக்கு இதில் அதிர்ச்சியாக ஒன்றும் இல்லை. எதையும் வீணாக்க முடியாத வீட்டுச் சமையல், அவ்வளவுதான்.

வீணாக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. 1689ல் பதினான்காம் லூயியின் படைகள் ஷ்பையர், வோர்ம்ஸ் உட்பட இந்தப் பகுதி ஊர்களைத் திட்டமிட்டுக் கொளுத்தின. அதிலிருந்து எழுவதற்குள் 1709ன் கொடுங்குளிர் வந்து திராட்சைக் கொடிகளைக் கருக்கியது. அந்த ஆண்டு மட்டும் சுமார் 13,000 பேர் மூட்டை கட்டிக்கொண்டு லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அட்லாண்டிக் தாண்டினார்கள். பின்னால் வந்த அலைகள் பென்சில்வேனியாவில் குடியேறின. அங்கே இன்றும் 'ஹாக் மா' என்ற பெயரில் அடைத்த பன்றி வயிறு சமைக்கிறார்கள். பிழைக்கப் போன இடத்துக்குச் சமையலைத் தூக்கிக்கொண்டு போவது நமக்குத் தெரியாத சங்கதியா என்ன?

அடுத்து ஹம்பாக். நோய்ஸ்டாட் ஊருக்கு மேலே மலையில் ஒரு கோட்டை. 1832 மே 27 அன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கருப்பு-சிவப்பு-பொன் கொடிகளோடு அங்கே ஏறினார்கள். பத்திரிகைச் சுதந்திரம், ஒன்றுபட்ட ஜெர்மனி, மக்களாட்சி என்று முழங்கினார்கள். ஜெர்மன் ஜனநாயகத்தின் தொட்டில் என்று பாடப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். அந்த ஊர்வலத்தில் ஒயின் விவசாயிகளும் இருந்தார்கள். தாங்கள் துக்கத்தில் இருப்பதாக எழுதிய கறுப்புக் கொடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 1816 முதல் ஃபால்ஸ் பவேரியாவின் ஆட்சியில் இருந்தது. சுங்க வரிகளால் அவர்களுடைய ஒயினுக்குச் சந்தை இல்லாமல் போயிருந்தது. ஆக, சுதந்திரத்தோடு விற்காத பீப்பாயும் சேர்ந்துதான் அந்த மலை ஏறியது.

விற்காத பீப்பாய் நூறு வருஷம் கழித்து மறுபடி வருகிறது. இந்தச் சாலை பிறந்த கதை அதுதான்.

1934லும் 1935லும் அமோக விளைச்சல். விலை விழுந்தது. அதுவரை ஃபால்ஸ் ஒயின் வியாபாரத்தில் பெரும் பங்கு யூத வணிகர்களிடம் இருந்தது. வாங்கி, பக்குவப்படுத்தி, தொலைதூர நகரங்களுக்கு அனுப்பியவர்கள் அவர்கள். 1933ல் நாஜிகள் பதவிக்கு வந்ததும் அவர்களைப் புறக்கணித்து, மிரட்டி, தொழிலிலிருந்து துரத்த ஆரம்பித்தார்கள். சரக்கு குவிந்தது, விற்றுக் கொடுக்கும் ஆள் இல்லை. அந்தப் பகுதியின் நாஜித் தலைவர் யோசஃப் பியூர்க்கல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒயின் ஊருக்குப் போகவில்லையா, ஊரை ஒயினிடம் வரவழைப்போம்! 1935 அக்டோபர் 19 அன்று ஒயின் சாலை திறக்கப்பட்டது. அடுத்த வருஷம் ஷ்வைகனில், பிரான்ஸைப் பார்த்தபடி, பிரம்மாண்டமான கல் வாசல் எழுப்பப்பட்டது. இன்று ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்வது அந்த வாசல் முன்னால்தான்.

1940 அக்டோபர் 22. இதே பியூர்க்கலும், பாடன் பகுதித் தலைவர் ராபர்ட் வாக்னரும் சேர்ந்து தங்கள் பகுதிகளில் எஞ்சியிருந்த யூதர்கள் 6,500க்கும் மேற்பட்டவர்களை ரயிலேற்றி, தெற்கு பிரான்ஸில் குர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். பலர் பசியிலும் குளிரிலும் அங்கேயே இறந்தார்கள். 1942 முதல் பலர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். சாலை மட்டும் அப்படியே இருந்தது. போருக்குப் பிறகு யாரும் அதன் பிறப்பைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. கொடியும் குன்றும் அழகு, ஒயினும் நல்ல ஒயின், அப்புறம் என்ன கேள்வி?

இனி கொஞ்சம் சிரிக்கலாம். டைடஸ்ஹைம் என்ற குட்டி ஊர், அங்கே டைடஸ்ஹைமர் ஹோஃப் என்ற விடுதி. 1982 முதல் 1998 வரை பிரதமராக இருந்த ஹெல்முட் கோல் பக்கத்து லுட்விக்ஸ்ஹாஃபன்காரர். உலகத் தலைவர்களை இந்த விடுதிக்கு இழுத்து வந்து சௌமாகன் ஊட்டுவது அவருடைய ராஜதந்திரம். 1989 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் வந்தார். அணு ஏவுகணை விஷயத்தில் இருவருக்கும் முறுக்கிக்கொண்டிருந்த நேரம். சாப்பாடு முடிந்ததும் ஷ்பையர் பேராலயத்துக்கு அழைத்துப் போனார் கோல். அங்கே தாட்சரின் உதவியாளர் சார்லஸ் பவலைத் தனியே ஓரங்கட்டி, "என் சொந்த மண்ணில் என்னைப் பார்த்துவிட்டார், நான் ஜெர்மானியன் என்பதைவிட ஐரோப்பியன் என்று இப்போது புரிந்திருக்கும்" என்ற பொருளில் சொன்னாராம். விமானத்தில் ஏறிய தாட்சரோ காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு, "இந்த மனுஷன் எவ்வளவு ஜெர்மானியன்!" என்றாராம். :-) 1990 நவம்பரில் கோர்பச்சேவும் வந்து சாப்பிட்டார். 2017ல் இறந்த கோல் அடக்கம் செய்யப்பட்டதும் ஷ்பையரில்தான்.

சரி, திட்டத்துக்கு வருவோம்.

வெள்ளி மாலை: மன்ஹைம் வழியாக நோய்ஸ்டாட், அங்கிருந்து சின்ன ரயிலில் டைடஸ்ஹைம். அறையையும் இரவுச் சாப்பாட்டு மேஜையையும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். செப்டம்பரில் பாட் டுர்க்ஹைம் 'வுர்ஸ்ட்மார்க்ட்' திருவிழா நடக்கும் வாரங்களில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு என்றால் சாலையில் காருக்கே அனுமதி இல்லை. சைக்கிளில் போக அருமையான நாள்.

சனி: காலையில் ஹம்பாக் கோட்டை. மாலையில் டைடஸ்ஹைம் தெருக்கள். அங்கே பழைய யூத ஜெப ஆலயக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஐந்து நிமிஷம் அதன் முன்னால் நின்றுவிட்டுப் பிறகு சாப்பிடப் போங்கள். ரீஸ்லிங்கோடு சௌமாகன் பொருந்தும்.

ஞாயிறு: ஷ்பையர். 1061ல் அர்ப்பணிக்கப்பட்ட பேராலயத்தை எல்லோரும் பார்ப்பார்கள். சில நிமிட நடையில் யூத முற்றம் இருக்கிறது, 12ம் நூற்றாண்டின் சடங்குக் குளத்தோடு. 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. துரத்தப்பட்டவர்கள் வந்தேறிகள் இல்லை, எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம் அங்கேயே வாழ்ந்தவர்கள் என்பது அந்தப் படிகளில் இறங்கும்போது விளங்கும்.

சைவத் தங்கமணிகள் கவலைப்பட வேண்டாம். அடியில் உப்புப் பொருக்கோடு ஆவியில் வெந்த டாம்ப்நூடல் என்ற உருண்டை உண்டு, ஒயின் சாஸில் தோய்த்துச் சாப்பிடுவது. முப்பதாண்டுப் போரில் ஃப்ரெக்கன்ஃபெல்ட் ஊரைக் கொள்ளையடிக்க வந்த சுவீடன் படைக்கு ஒரு பேக்கரிக்காரர் 1,286 டாம்ப்நூடல் செய்து போட்டு ஊரைக் காப்பாற்றினார் என்று ஒரு கதை. ஏப்ரலிலிருந்து ஜூன் 24 வரை வெள்ளை அஸ்பாரகஸ். இலையுதிர் காலத்தில் புது ஒயினோடு வெங்காயக் கேக், ஆனால் அதில் பன்றிக்கறித் துண்டு போடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு சோகக் கதை சொன்னால் ரொமான்ஸ் எங்கே வரும் என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தச் சாலையை இருட்டில் போட்டார்கள் என்பதற்காக நாம் போகாமல் இருக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேச, இந்தக் கதைகளைவிட நல்ல விஷயம் எது? மெனு கார்டில் இதெல்லாம் எழுதியிருக்காது. அதனால்தான் இங்கே எழுதினேன்.

போய்விட்டு வந்தால் டாம்ப்நூடல் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.