சட்டைப் பையில் ஒரு கிளிஞ்சல்

எண்ணூர்ப் பக்கத்து நெட்டுக்குப்பத்துக்கு விடுமுறை நாட்களில் விடிவதற்கு முன்பே கேமராவும் கையுமாக ஆட்கள் வந்துவிடுகிறார்கள். அலைக்குள் உடைந்து நிற்கும் பாலத்துக்குப் பின்னால் சூரியன் எழுவதைப் பிடித்ததும் வந்த வழியே போய்விடுகிறார்கள். நான் குனிந்து ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கினேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. வலையை உதறிக்கொண்டிருந்தவர் சிரித்தார்: "அதுல இன்னா சார் கீது? கறியெல்லாம் பூட்ச்சி, வெறும் ஓடு."

வெறும் ஓடுதான். ஆனால் பழைய மதராஸின் அழகான தெருக்களுக்கு மேனி கொடுத்தது இந்த ஓடு. அது போன வழியில் போய்ப் பார்ப்பது என்று அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருந்தேன்.

கொசஸ்தலை ஆற்றின் நன்னீரும் கடலின் உப்பும் கலக்கும் சேற்றில் மட்டி பிறக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. அது செத்த பிறகு ஓடுகள் சேற்றுக்கடியில் அடுக்கடுக்காகப் படிகின்றன. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை அந்த அடுக்குகளைத் தோண்டி, அலசி, தோணியில் ஏற்றினார்கள்.

தோணிக்கு வழி வெட்டியவர் பாசில் காக்ரேன். கடற்படைக்குச் சாப்பாட்டுச் சரக்கு கொடுத்துப் பணம் சேர்த்த வியாபாரி. பிறகு லண்டன் போய் நீராவிக் குளியல் வைத்தியத்தில் இறங்கியது தனிக் கதை. மதராஸிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் கால்வாய் 1806இல் முடிந்தது. விறகு, உப்பு, கருவாடு, கிளிஞ்சல் எல்லாம் அதில் வந்தன. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து கால்வாயைத் தெற்கே நீட்டினார்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போயிற்று.

எண்ணூரில் மின்சார ரயில் ஏறினேன். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று தோணிக்காரர்களின் ஊர்களே இன்று ஸ்டேஷன்கள். பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் சால்ட் கோட்டர்ஸ். உப்பைக் கொட்டி வைத்த கொட்டாரம் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டது. கால்வாயில் இப்போது தோணி இல்லை; கறுப்பாகச் சாக்கடைதான் நிற்கிறது.

கரையிறங்கிய கிளிஞ்சலுக்கு அடுத்தது சூளை. கரியோடு அடுக்கிச் சுட்டால் ஓட்டுக்குள் இருக்கும் கரியமில வாயு பிரிந்து போய்விடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் தெளித்தால் சீறிக் கொதித்து மாவாக உதிரும், அதுதான் நீற்றுவது. பிறகு வட்டத் தொட்டியில் மாடு இழுக்கும் கல் உருளைக்கடியில் மணலோடு அரைபடும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, தயிர். காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1780இல் வந்து இறங்கிய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் மதராஸ் தூண்களைப் பார்த்துவிட்டு, பளிங்கு போன்ற மெருகு என்று எழுதினார். சுண்ணம் என்ற சொல்லே 'சுனம்' என்று ஆங்கில அகராதிக்குள் ஏறியது. எழும்பூர்ப் பக்கம் 1821இல் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் போனால், அந்த மெருகு எப்படி இருந்திருக்கும் என்று தூண்களே சொல்லும்.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம் ஒன்று உண்டு. சுவரில் ஏறிய சுண்ணாம்பு, நெருப்பில் விட்ட அதே கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வருஷங்கள் போகப் போக மறுபடியும் ஓடாகிறது. மட்டிக்குக் கட்டிய வீடு மனுஷனுக்குக் கட்டிய வீடாகிறது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட சுவர்களைத் தேடி ஜார்ஜ் டவுன் போனேன். அதைப் பார்க்க ஞாயிறு காலைதான் சரி. மற்ற நாளில் தள்ளுவண்டிக்கும் மூட்டைக்கும் நடுவே சுவரே கண்ணில் படாது. ஆர்மீனியன் தெரு நம் வாயில் அரண்மனைக்காரன் தெரு; அங்கே அரண்மனை எதுவும் இல்லை, ஆர்மீனியர்தான் இருந்தார்கள். 1772இல் கட்டிய அவர்களுடைய தேவாலயத்தின் முற்றத்தில் எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள்மேல் நடக்க வேண்டியிருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது இந்த மதராஸில். நகரத்தில் ஒரே ஒரு தெருவுக்குத்தான் நேரம் என்றால் இதையே சொல்வேன்.

அங்கிருந்து பவளக்காரத் தெரு. மாடிக் கைப்பிடிச் சுவர்களில் சிமென்ட் ஏறிவிட்டது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மேலே சிமென்ட் பூசினால் உள்ளே ஈரம் தங்கி, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். ஒரு வீட்டில் அப்படிப் பெயர்ந்த இடத்தில் பழைய பூச்சு வெளியே தெரிந்தது. அதில் சரியாக வேகாத ஒரு வெள்ளைத் துணுக்கு, அரிசி அளவு, ஓட்டின் வரிகளோடு.

அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று என் கிளிஞ்சலை எடுத்தேன். நெட்டுக்குப்பம் முகத்துவாரத்துக்கு அனல்மின் நிலையச் சாம்பல் வந்திருக்கிறது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இரண்டும் வந்திருக்கின்றன. ஓட்டின் மடிப்பில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்ததைக் காலையில் கவனிக்கவில்லை. வெள்ளைச் சட்டைப் பையின் அடியில் அரை வட்டமாகக் கறை இறங்கியிருந்தது. மூன்று முறை துவைத்தும் போகவில்லை.