மூளை வாசலும் வெல்வின் கணக்கும்

மருந்து வேதியியலின் வரலாறு பெரும்பாலும் வென்ற மருந்துகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மூளைக்குள் புகுந்து வேலை செய்யும் ஏற்பித் தடுப்பான்களைத் திட்டமிட்டு வடிவமைக்கும் முறையோ, கடைக்கே வராத ஒரு சேர்மத்துக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறது என்பது என் கணிப்பு. அந்தச் சேர்மம் ஜோலான்டிடின். அது பிறந்த இடம் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டி. ஸ்மித் க்ளைன் அண்ட் ஃப்ரெஞ்ச் நிறுவனத்தின் ஆய்வகம்.

வயிற்று அமிலத்தைச் சுரக்கவைக்கும் எச்-2 ஹிஸ்டமின் ஏற்பியைத் தடுக்கும் பணியை ஜேம்ஸ் பிளாக் அங்கே தொடங்கிவைத்தார். அதில் விளைந்த சிமெடிடின் 1976-ல் சந்தைக்கு வந்தது. வயிற்றுப்புண்ணுக்கான அறுவைச் சிகிச்சைகள் வெகுவாகக் குறைந்தன. எலிகளில் அளந்தபோது, இரத்தத்தில் இருந்த சிமெடிடினில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே மூளையில் தென்பட்டது. வயிற்று மருந்துக்கு இது நல்ல குணம். ஆனால் எச்-2 ஏற்பிகள் மூளையிலும் உண்டு. அங்கே அவற்றுக்கு என்ன வேலை என்று அறிய, உள்ளே போகும் தடுப்பான் ஒன்று வேண்டியிருந்தது.

கொழுப்பில் நன்றாகக் கரைவது மூளைக்குள் போகும் என்பதே அன்றைய பொது நம்பிக்கை. ஆக்டனாலிலும் நீரிலும் ஒரு சேர்மம் எந்த விகிதத்தில் பிரிந்து கரைகிறது என்பதே அதற்கு அளவுகோல். வெல்வின் சேர்மங்களிடம் அந்த அளவுகோல் பலிக்கவில்லை. எனவே ராபின் கனெலின் உள்ளிட்ட குழுவினர் சைக்ளோஹெக்சேனிலும் அளந்தார்கள். ஆக்டனால் ஹைட்ரஜன் பிணைப்புக்கு இடம் தரும், சைக்ளோஹெக்சேன் தராது. ஆகவே இரண்டு அளவுகளின் வித்தியாசம், சேர்மம் நீரை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதைக் காட்டிவிடும். பற்று குறைந்தவை மூளைக்குள் போயின. அந்தக் கணக்கை வைத்து உருவாக்கிய ஜோலான்டிடின், இரத்தத்தைவிட மூளையில் சற்றுக் கூடுதலாகவே சேர்ந்தது. ஆய்வுக்கட்டுரை வெளியானது 1988-ல். பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். உலகம் எந்தச் செய்தியைப் பேசியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கணக்கு இல்லாமலே 1950-ல் மனநோய் மருந்தான குளோர்புரோமசைன் வந்துவிடவில்லையா என்று கேட்கலாம். வந்தது. ஆனால் அதை உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது, ஒவ்வாமைக்குக் கொடுத்த பழைய மருந்துகள் நோயாளிகளைத் தூங்கவைத்தன என்ற அனுபவம். மூளைக்குள் போவது தெரிந்தது. ஏன் போகிறது என்பது தெரியவில்லை. போகாத ஒன்றைப் போகவைக்க அந்த அனுபவம் உதவாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. 1994-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், மூளைக்குள் வரும் மருந்துகளை வெளியேற்றும் பி-கிளைகோபுரோட்டீன் என்ற புரதத்துக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றி எழுதினார்கள். உண்ணிகளை ஒழிக்க ஐவர்மெக்டினைத் தெளித்தபோது அந்தச் சுண்டெலிகளில் பெரும்பாலானவை செத்துப்போயின. மற்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நுழைவது மட்டும் போதாது, உள்ளே தங்கவும் வேண்டும் என்பது அதில் உறுதியானது. மூளைத் திசுவில் ஒட்டிக்கொள்ளும் மருந்து ஏற்பிக்குப் பயன்படாது, கட்டற்ற பங்கையே அளக்கவேண்டும் என்ற திருத்தமும் வந்தது. வெல்வின் குழு அளந்தது மொத்த அளவை. அந்தக் குறை உண்மைதான். ஆனால் இவை கணக்கை நீட்டின, அழிக்கவில்லை. 2010-ல் ஃபைசர் ஆய்வாளர்கள் மூளை மருந்துகளுக்காக வெளியிட்ட மதிப்பெண் முறையில் ஆறு பண்புகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, மூலக்கூறின் முனைவுப் பரப்பும் அது ஹைட்ரஜனை வழங்கும் இடங்களின் எண்ணிக்கையும், ஹைட்ரஜன் பிணைப்பைப் பற்றியவை.